ஒப்புரவும் தவணைக் கடனும்: அச்செபேயின் உமுவோபியா

வள்ளுவர் ஒப்புரவறிதலை ஓர் அதிகாரமாகவும் ஈகையை அதனை அடுத்த அதிகாரமாகவும் பிரித்து வைத்தார். வறியவர் வந்து ஏற்கக் கொடுப்பது ஈகை. உலகநடை அறிந்து, தம்மோடு வாழ்வார்க்குச் செய்யக் கடமைப்பட்டதைச் செய்வது ஒப்புரவு. இரண்டிலும் கை நீள்கிறது. பொருள் இடம் மாறுகிறது. ஆயினும் முன்னதில் கொடுப்பவன் மேலும் வாங்குபவன் கீழுமாக நிற்பர். பின்னதில் இருவரும் ஒரே தரையில் நிற்பர். இன்று வாங்குபவன் நாளை கொடுப்பவன். ஆப்பிரிக்க நாவல்களில் வரும் கொடுக்கல் வாங்கலைப் பற்றி எழுதுவோர் பலர் இவ்வேறுபாட்டை மறந்து விடுகின்றனர். மறந்தமையால் சினுவா அச்செபேயின் இரண்டாவது நாவலுக்குத் தவறான பொருளும் கண்டு வருகின்றனர்.

அச்செபே (1930-2013) நைஜீரியாவின் இக்போ இனத்தவர். அவருடைய முதல் நாவல் 1958-இல் வெளிவந்தது. தமிழில் 'சிதைவுகள்' என்னும் பெயரில் படிக்கக் கிடைக்கிறது. இரண்டாவது நாவலாகிய 'நோ லாங்கர் அட் ஈஸ்', நைஜீரியா விடுதலை பெற்ற 1960-ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது. 'இனி நிம்மதி இல்லை' என்று அத்தலைப்பைத் தமிழில் கூறலாம். முதல் நாவலின் தலைவன் ஒக்கொன்குவோ. அவனுடைய பேரன் ஒபி இரண்டாவதன் தலைவன். முதல் நாவலைப் புகழ்வோர் இரண்டாவதை ஒரு படி தாழ்த்தியே பேசுவது வழக்கம். கொடுத்தல் என்னும் ஒன்றை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு பார்த்தால், இரண்டும் சேர்ந்தே ஒரு நூல் என்பது விளங்கும்.

இரண்டாவது நாவலின் கதை எளிது. உமுவோபியா என்னும் கற்பனை ஊரிலிருந்து லாகோஸ் முதலிய நகரங்களுக்குப் பிழைக்கச் சென்றவர்கள் ஒரு முன்னேற்றச் சங்கம் அமைக்கின்றனர். தங்களுக்குத் தாங்களே கடுமையான வரி விதித்துப் பணம் திரட்டி, கெட்டிக்கார இளைஞன் ஒருவனை இங்கிலாந்துக்கு அனுப்புகின்றனர். அவனே ஒபி. தொகை எண்ணூறு பவுண். உதவிச் சம்பளம் என்று அதற்குப் பெயர். ஆனால் திரும்பி வந்த நான்கு ஆண்டுகளுக்குள் அடைத்து விட வேண்டும். வந்தவன் அரசாங்கத்தில் உயர் உத்தியோகம் பெறுகிறான், கடன்களில் சிக்குகிறான், கையூட்டு வாங்கிப் பிடிபடுகிறான்.

இதைப் படித்தவர் பலர் கூறும் தீர்ப்பு ஒன்றுண்டு. சங்கத்தின் கடனும் உறவினரின் நச்சரிப்புமே அவனைக் குற்றவாளி ஆக்கின என்பர். நகரத்து வாழ்வில் ஊர்க்கூட்டு உதவி ஒரு விலங்கு என்றும் அதிலிருந்து ஒரு பொது நீதியைப் பிழிந்தெடுப்பர். நாவல் அப்படிச் சொல்லவில்லை. சொல்லவில்லை என்பதற்குச் சான்று நாவலின் உள்ளேயே கிடக்கிறது.

முதலில் பாட்டனிடம் போக வேண்டும். ஒக்கொன்குவோவின் தந்தை உனோக்கா குழலூதுவதில் வல்லவன், உழைப்பில் சோம்பன், ஊரெல்லாம் கடன். பழைய நண்பன் ஒருவன் வந்து இருநூறு சோழியைத் திருப்பிக் கேட்கிறான். உனோக்கா வாய்விட்டுச் சிரித்து, சுவரில் சுண்ணக்கட்டியால் தான் இட்டு வைத்திருக்கும் கோடுகளைக் காட்டுகிறான். கோடு ஒன்றுக்கு நூறு சோழி. பெரிய கடன்களை அடைத்த பிறகே சிறியதற்கு வருவானாம். நகைச்சுவைக்காக மட்டும் இக்காட்சி எழுதப்படவில்லை. கேட்க வந்தவன் தோலை விரித்துச் சுருட்டிக்கொண்டு எழுந்து போகிறானே அன்றி, வழக்குத் தொடுக்கவில்லை. கடன்பட்டவனுக்கு ஊரில் மதிப்பில்லை, இடமுண்டு.

அந்த அவமானத்தின் மகனாகிய ஒக்கொன்குவோ, விதைக்கிழங்கு இல்லாமல் செல்வர் நுவாக்கிபியேயின் வாசலுக்குப் போகிறான். ஒரு குடம் கள்ளும் ஒரு சேவலும் கொண்டு போகிறான். ஊர்ப் பெரியவர்கள் கூடியிருக்க, முறைப்படி குடித்து, முறைப்படி பேசி, பின்பே கேட்கிறான். கேட்ட பல இளைஞரை வெறுங்கையோடு அனுப்பிய அச்செல்வர், இவனுக்கு எண்ணூறு யாம் கிழங்கு தருகிறார். (யாம் என்பது நம் பெருவள்ளிக்கிழங்கின் இனம், இக்போ மக்களிடையே ஆண்மகனின் பெருமையை அதன் பறணை வைத்தே அளந்தனர்.) தந்தையின் நண்பர் ஒருவரிடமிருந்து இன்னும் நானூறு வருகிறது. இதனை இலவசம் என்று எண்ணுதல் கூடாது. விளைச்சலில் மூன்றில் ஒரு பங்குதான் உழைத்தவனுக்கு மிஞ்சும். மிகக் கடுமையான நிபந்தனை! அச்செபே அதை மறைக்கவில்லை. பழைய ஆப்பிரிக்கா அன்பால் நிறைந்த பூங்கா என்று எழுதும் கூட்டத்தில் அவரைச் சேர்க்க முடியாது.

ஆனால் அந்த ஆண்டு என்ன நேர்ந்தது? முதலில் வறட்சி, பின் ஓயாத மழை. அறுவடை நாளில் ஒருவன் தூக்கிட்டுக் கொள்கிறான். ஒக்கொன்குவோ தப்பிப் பிழைக்கிறான். பங்குக் கடனின் இயல்பு இங்கேதான் விளங்கும். விளைந்தால் இருவருக்கும் விளைச்சல். கெட்டால் இருவருக்கும் கேடு. கிழங்கைக் கொடுத்தவன் மழைக்கும் தன் கையைக் கொடுத்து விடுகிறான்.

பின்னர் அவனே கொலைப்பழி பட்டு ஏழாண்டு நாடு கடந்து தாயின் ஊருக்குப் போகும்போது, தாய்மாமன் உச்செந்து வீடு கட்ட இடமும் உழ நிலமும் தருகிறார். மாமனின் ஐந்து மக்களும் ஆளுக்கு முந்நூறு விதைக்கிழங்கு கொடுக்கின்றனர். ஆயிரத்து ஐந்நூறு கிழங்கு. இம்முறை பங்கு பற்றிய பேச்சே இல்லை. நண்பன் ஒபியேரிக்காவோ, ஒக்கொன்குவோ விட்டு வந்த கிழங்குகளை விற்றும் வாரத்துக்கு விட்டும் சேர்த்த சோழிகளை மூட்டையாகக் கட்டிச் சுமந்து வந்து கொடுக்கிறான். ஏழாண்டு கழிந்து ஊர் திரும்பும்முன் ஒக்கொன்குவோ தாய்வழிச் சுற்றத்துக்குப் பெருவிருந்து வைக்கிறான். அவ்விருந்தில் ஒரு முதியவர் எழுந்து, சுற்றம் கூடியிருப்பதன் வலிமையை இளையோர் மறந்து வருகின்றனரே என்று கவலைப்படுகிறார். அவருடைய கவலைக்கு விடையாகவே இரண்டாவது நாவல் எழுதப்பட்டது எனலாம்.

உமுவோபியாச் சங்கம் கற்பனை. அதன் மாதிரி கற்பனை அன்று. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் தென்கிழக்கு நைஜீரியாவிலிருந்து நகரங்களுக்குச் சென்ற மக்கள் ஊர்தோறும் இத்தகைய சங்கங்களை அமைத்தனர். வேலை இழந்தவனுக்கு உதவுவதும், இறந்தவனை அடக்கம் செய்வதும், ஊரில் பள்ளி கட்டுவதும் அவற்றின் பணி. 1928-இல் தோன்றிய இபிபியோ மக்களின் நலச்சங்கம் 1938-இல் ஆறு மாணவரை வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்பியது வரலாறு. இவற்றினும் பழையது, யோருபா மக்களிடையே வழங்கும் எசுசு. உறுப்பினர் தவணைதோறும் ஒரே அளவு பணம் இடுவர், ஒவ்வொரு தவணையிலும் ஒருவர் முழுத் தொகையையும் எடுப்பர், வட்டி இல்லை. வில்லியம் பாஸ்கம் என்னும் மானிடவியலார் இதைப் பற்றி 1952-இல் விரிவாக எழுதினார். அடிமைகளாகக் கடல் கடத்தப்பட்டோர் இவ்வழக்கத்தையும் பெயரையும் உடன்கொண்டு போயினர். டிரினிடாட்டில் அது சுசு ஆயிற்று. மலேசிய வாசகருக்கு இதை விளக்கத் தேவையில்லை. கூட்டுப் பிடித்தல் என்றால் எல்லாருக்கும் தெரியும். 1971-இல் இயற்றப்பட்ட தடைச் சட்டத்தின் பெயரிலேயே அச்சொல் ஏறி விட்டது.

இனி ஒபியைக் காண்போம். அவனைச் சட்டம் படிக்கத்தான் சங்கம் அனுப்பியது. அண்டை ஊராருடன் நிலவழக்கு இருந்தது. வழக்காடத் தம் பிள்ளை ஒருவன் வேண்டும். அவன் போய் ஆங்கில இலக்கியம் படித்து வந்தான். சங்கத்தார் சினந்தனர், பின் ஆறினர். வழக்கறிஞன் ஆகாவிட்டாலும் வெள்ளையர் உட்காரும் நாற்காலியில் நம் பையன் உட்காருவான் என்று தேறினர். வரவேற்பு விழாவும் எடுத்தனர். செயலாளர் அகராதியைக் கலக்கி எடுத்த ஆங்கிலத்தில் வரவேற்புப் பத்திரம் படிக்கிறார். ஒபியோ சட்டைக்கு மேல் கோட்டு அணியாமல் வந்து, சின்னச் சின்ன வாக்கியங்களில் பதில் சொல்லி அமர்கிறான். சபைக்கு ஏமாற்றம். வரவேற்புப் பத்திரங்களில் பழகிய நம் ஊர் வாசகர்கள் இப்பகுதியைச் சிரிக்காமல் படிக்க முடியாது. சிரித்த பின் சிந்திக்கவும் வேண்டும். கொடுத்தவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. தம் பணம் பேசும் அழகைச் சற்றுக் கேட்க விரும்பினர். அதைக்கூட அவன் கொடுக்கவில்லை.

நாவலின் உயிர்நிலை இதன்பின் வரும் சங்கக் கூட்டத்தில் இருக்கிறது. ஒபி தன் புது மோரிஸ் ஆக்ஸ்போர்டுக் காரில் வந்து இறங்குகிறான். உள்ளே அப்போது நடப்பது ஜோஷுவா உடோ என்பவனின் விவகாரம். அஞ்சல் நிலையப் பியூன். வேலை நேரத்தில் தூங்கியதால் நீக்கப்பட்டவன். தான் தூங்கவில்லை, சிந்தித்துக் கொண்டிருந்ததாகச் சொல்கிறான். வேலைக்குச் சேர்ந்தபோது தருவதாகச் சொன்ன பத்துப் பவுண் கையூட்டை முழுதும் கட்டாததால் தலைமைக் குமாஸ்தா தன்மேல் கறுவிக் கொண்டிருந்தார் என்கிறான். இப்போது வேறு வேலை தேடப் பத்துப் பவுண் கடன் கேட்கிறான். கொடுப்பதென்று சபை ஏறத்தாழ முடிவு செய்து விட்டது. தலைவர் கடமையில் தூங்கக் கூடாது என்று அறிவுரை கூறுகிறார். கையூட்டைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. படித்த இளைஞர் வந்தால் கையூட்டு ஒழியும் என்று கொள்கை வைத்திருக்கும் ஒபி கண்முன் இது நடக்கிறது.

அச்செபே இங்கே யாரையும் கேலி செய்து ஒதுக்கவில்லை. சங்கத்தின் நீதி ஒன்று. அரசாங்கத்தின் நீதி வேறொன்று. நம்மவன் பசித்திருக்கிறான், அவனைத் தூக்கி விட வேண்டும் என்பது மட்டுமே சங்கத்துக்குத் தெரியும். அரசாங்கம் வெள்ளையருடைய பொருள். அதன் கதவைத் திறக்க எவ்வளவு கொடுத்தாலும் சங்கத்தின் மனச்சான்று அதனால் குத்துப்படாது. உள்ளே ஒப்புரவு எவ்வளவு தூயதோ, வெளியே அவ்வளவு கவலையற்றது. இதுதான் நாவல் கண்டறிந்த உண்மை. ஒழுக்க நூல்களில் எளிதில் கிடைக்காதது.

பிறகு ஒபி எழுந்து, கடனை அடைக்கத் தொடங்க நான்கு மாத அவகாசம் கேட்கிறான். கொடுத்து விடுகின்றனர். தயக்கமின்றிக் கொடுத்து விடுகின்றனர் என்பதை அடிக்கோடிட வேண்டும். கிழங்குக் கடனின் பழைய பண்பு இன்னும் மாறவில்லை. மழை பெய்யவில்லையா, பொறுக்கலாம். அதோடு நின்றிருந்தால் கதையே இல்லை. தலைவர் தொடர்ந்து பேசுகிறார். இளம்பிள்ளை, லாகோஸ் பொல்லாத ஊர், நல்ல குலத்தவள் அல்லாத ஒரு பெண்ணோடு பழகுவதாகக் கேள்விப்படுகிறோம் என்கிறார். ஒபி கொதித்து எழுகிறான். அவகாசம் வேண்டாம், இந்த மாத முடிவிலேயே கட்டத் தொடங்குகிறேன், என் சொந்தக் காரியத்தில் தலையிடாதீர்கள் என்று கத்தி விட்டு, இனி இங்கே அடி வைப்பதில்லை என்று போகிறான்.

கணக்குப் பார்க்கலாம். மாதச் சம்பளம் நாற்பத்தேழரைப் பவுண். சங்கத்துக்கு இருபது, பெற்றோருக்குப் பத்து. நான்கு மாத அவகாசம் என்பது எண்பது பவுண். அதை வீசி எறிந்த சில காலத்தில் கார்க் காப்புறுதிக்குப் பணம் தேவைப்பட, ஒபி வங்கியில் ஐம்பது பவுண் கடன் வாங்குகிறான். சுற்றத்தார் பொறுத்துக்கொள்வதாகச் சொன்ன கடனைப் பொறுக்க விடாமல், பொறுக்கவே தெரியாத இடத்தில் கடன்படுகிறான்! அதை அறிந்த காதலி கிளாரா தன் சேமிப்பிலிருந்து ஐம்பது பவுண் கொடுக்க, அது காரிலிருந்து திருடு போகிறது. அவனை முறித்தது சங்கத்தின் தவணை என்றால், அத்தவணையை இரும்பாக்கியவன் அவனே. வங்கி கேள்வி கேட்காது, குலம் விசாரிக்காது. அதுவே அவனுக்கு வேண்டியிருந்தது. ஒப்புரவில் கேள்வியும் சேர்ந்தே வரும் என்பதை அவன் பொறுக்க மாட்டான்.

அவன் பொறுக்காததற்குக் காரணமும் இருக்கிறது. கிளாரா ஒசு வகுப்பினள். முன்னொரு காலத்தில் தெய்வத்துக்கு நேர்ந்து விடப்பட்ட ஒருவனின் வழிவந்தோர் அனைவரும் தலைமுறைதோறும் ஒசு. பிறரோடு மணவுறவு இல்லை. கிழக்கு நைஜீரியச் சட்டமன்றம் 1956-இல் இவ்வழக்கத்தை ஒழிக்கச் சட்டம் இயற்றியது. நாவலின் காலமும் ஏறத்தாழ அதுவே. சட்டம் வந்தும் மனம் வரவில்லை. வேதம் ஓதி வாழும் கிறிஸ்தவராகிய ஒபியின் தந்தையே இம்மணத்தை ஒப்பவில்லை. தாயோ, தான் உயிரோடிருக்கையில் மணந்தால் உயிரை விட்டு விடுவதாகச் சொல்கிறாள். இதைத் தமிழ் வாசகருக்கு உவமை கூறி விளக்க வேண்டியதில்லை. தூங்கிய பியூனுக்கு இரக்கம் காட்டிய சபையில், படித்துச் செவிலியாகி உழைக்கும் ஒரு பெண்ணுக்கு வாசல் அடைத்தே இருந்தது. ஒபியின் சினம் நீதியானது. அச்சினத்தை அவன் வெளியிட்ட வகை அறிவுடையதன்று. இரண்டையும் ஒரே மூச்சில் உணரச் செய்கிறது இக்காட்சி. ஆப்பிரிக்கச் சுற்றத்தின் கூட்டு உதவியைப் பாராட்டி எழுதுவோர் இப்பக்கத்தை மட்டும் தாண்டிப் போகக் கூடாது.

இதற்கு எதிரில் ஈகையின் உருவமாக ஒருவரை அச்செபே நிறுத்தியிருக்கிறார். ஒபியின் மேலதிகாரி கிரீன் என்னும் ஆங்கிலேயர். ஆப்பிரிக்கர் எல்லாருமே கறைபட்டவர் என்று வாய்கூசாமல் சொல்பவர். அவரே தம் வேலைக்காரனின் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்டி வருகிறார். நாவலில் இது ஓரிடத்தில் பேச்சுவாக்கில் வரும் செய்தி; விரைந்து படிப்போர் தவற விடக்கூடும். அந்தக் கட்டணத்தில் பொய் இல்லை. ஆனால் அதைப் பெறும் பிள்ளை கிரீன் வீட்டு விருந்தில் எழுந்து அவரைக் கேள்வி கேட்க முடியாது. அவரும் அப்பிள்ளையின் திருமணத்தில் தலையிட மாட்டார். கேள்வி இல்லாத உதவி எப்படியிருக்கும் என்று பார்க்க விரும்பினால் கிரீனைப் பார்க்கலாம்.

மேற்கு ஆப்பிரிக்காவின் வேறொரு நாடாகிய செனகாலிலிருந்து வந்த ஒரு குறுநாவலை இங்கே ஒட்டிப் பார்த்தல் பயன் தரும். செம்பேன் ஊஸ்மான் 1966-இல் வெளியிட்ட 'மணியார்டர்' அது. 1968-இல் அவரே அதைத் திரைப்படமாகவும் எடுத்தார். வேலையற்ற முதியவர் தியெங்குக்குப் பாரிசிலிருந்து மருமகன் இருபத்தையாயிரம் பிராங்கு அனுப்புகிறான். அதில் அவர் பங்கு இரண்டாயிரமே. மூவாயிரம் தன் தாய்க்கு. மற்றது அவனுக்காகச் சேர்த்து வைக்க வேண்டியது. பணம் வந்த செய்தி பரவியதும் அண்டை அயலார் வாசலில் நிற்கின்றனர். கையில் காசு வருமுன்னே கடைக்காரரிடம் கடனுக்கு வாங்கிக் கொடுக்கிறார் தியெங். அடையாளச் சீட்டு இல்லாததால் அஞ்சலகம் பணம் தர மறுக்க, அலுவலகம் அலுவலகமாக அலைகிறார். இறுதியில் படித்த உறவினன் ஒருவனே ஏமாற்றிப் பணத்தை விழுங்கி விடுகிறான். செம்பேனுக்கு எதிரி யார் என்பதில் ஐயமில்லை. ஆதலின் அவர் கதை கூர்மையாய்ப் பாய்கிறது. அச்செபேயிடம் அத்தகைய எதிரி இல்லை. படிப்போர் கைக்கு எளிதில் அகப்படும் தீயவன் ஒருவனும் இல்லாமையே, இரண்டாவது நாவல் சுவை குன்றியது என்ற பேச்சுக்கு இடம் கொடுத்தது போலும்.

குறை இல்லாமலும் இல்லை. கொடுத்தவர்களின் முகம் இந்நாவலில் போதிய அளவு தெரியவில்லை. தலைவரும் செயலாளரும் பேசுகின்றனர்; எண்ணூறு பவுணில் தன் ஷில்லிங்கைப் போட்ட கூலியாள் பேசவில்லை. இங்கிலாந்துக்குப் புறப்படுமுன் ஒபியின் வீட்டில் நடக்கும் வழியனுப்பு விருந்தில் ஏழைகள் சிறு காசுகளைக் கொண்டுவந்து, பென்சிலுக்கு என்றும் ரொட்டிக்கு என்றும் பெயர் சொல்லிக் கொடுக்கும் சில வரிகள் உள்ளன. நூலின் மிக உயர்ந்த வரிகளுள் சேர வேண்டியவை. அவற்றின் தொடர்ச்சி பின்னர் இல்லை. கிளாராவும் துன்பப்படுவதற்கென்றே வந்தவள்போல் வந்து மறைகிறாள். ஒபி கையூட்டு வாங்கத் தொடங்கிய பின் கதை மிக விரைவாக முடிகிறது. இன்னும் இரண்டு அத்தியாயம் பொறுத்திருக்கலாம்.

ஆயினும் அவ்விரைவிலும் ஆசிரியர் ஒன்றைக் கவனமாகச் செய்திருக்கிறார். பணமுடை முற்றியபோது ஒபி சங்கத்துக்குக் கட்டுவதை நிறுத்தி விட முடிவு செய்கிறான். கேட்டால் குடும்பப் பொறுப்பு என்று சொல்லி விடலாம். உறவினனை இதற்காக நீதிமன்றத்துக்கு இழுக்க மாட்டார்கள் என்பது அவன் நம்பிக்கை. அவர்களை உதறியவன், உள்ளூர அவர்களையே நம்பியிருக்கிறான். உனோக்காவின் சுவரில் இருந்த சுண்ணக்கோடுகள் மூன்றாம் தலைமுறை தாண்டி இங்கே தெரிகின்றன. பிடிபடும் நேரத்தையும் கவனிக்க வேண்டும். வங்கிக் கடன் அடைந்து, வேறு கைமாற்றும் தீர்ந்து, நெருக்கடி கடந்த பிறகே காவலர் வருகின்றனர். வறுமையே அவனைக் கெடுத்தது என்ற சாக்கை ஆசிரியர் தம் கையாலேயே எடுத்து விடுகிறார். சிக்க வைத்த தொகை இருபது பவுண். சங்கத்துக்கு அவன் மாதந்தோறும் கட்டிய தவணையும் அதே இருபது.

நூல் தொடங்குவது இந்த முடிவிலிருந்துதான். தீர்ப்பு நாளன்று லாகோசில் சங்கம் அவசரக் கூட்டம் கூடுகிறது. வழக்கு வந்தபோதே சிலர் முணுமுணுத்தனர்: மதியாதவனுக்கு நம் பணத்தை ஏன் கொட்ட வேண்டும்? ஆனால் இடரில் விழுந்த சுற்றத்தானை மீட்பதே முதல் வேலை, பழிப்பது பிறகு என்று முடிவாகிப் பொதுப் பணத்திலிருந்து வழக்கறிஞருக்குக் கொடுத்திருந்தனர். எந்தச் சபைக்கு இனி வரமாட்டேன் என்று ஒபி சூளுரைத்தானோ, அந்தச் சபை. வழக்கு தோற்றுப் போய்விட்டது. உயர் உத்தியோகத்தில் இருந்தவன் வெறும் இருபது பவுணுக்காகவா சிறை செல்வது என்று தலைவர் வெட்கப்படுகிறார். அடுத்து என்ன செய்யலாம் என்று பேசத்தான் அன்றைக்குக் கூடியிருக்கின்றனர்.